நெல் வயலில் தழைச்சத்துக் கணக்கும் தண்ணீர்க் கணக்கும்: காவிரிப் படுகை உழவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் 20.7 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்) இருக்கிறது. அதைத் தண்ணீர் நிற்கும் நெல் வயலில் வழக்கமான கைவீச்சில் தூவினால், பயிர் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் அதில் மூன்றில் ஒரு பங்கு அளவே. மண்ணில் கொஞ்சம் தங்கும். மற்றது காற்றோடும் தண்ணீரோடும் போய்விடும். மானியம் போக மூட்டை 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைப்பதால் இந்த இழப்பு உழவரின் கணக்கில் பெரிதாகத் தெரிவதில்லை. ஆனால் போன சத்துக்கு ஈடாக இன்னொரு மூட்டையைத் தூவும்போது பயிர் கருத்து, சாய்ந்து, இலைச்சுருட்டுப்புழுவுக்கும் புகையானுக்கும் குலைநோய்க்கும் இரையாகிறது; அந்தச் செலவு மருந்துக் கடையில்தான் தெரியவரும்.

இந்த வழிகாட்டி தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் குறுவை, சம்பா, தாளடி ஆகிய பருவங்களின் நெல்லை மனத்தில் வைத்து எழுதப்படுகிறது. தழைச்சத்து இழப்பையும் வயலிலிருந்து கிளம்பும் பசுமைக்குடில் வாயுக்களையும் இரண்டு தனித்தனிச் சிக்கல்களாகப் பார்க்கும் பழக்கம் அறிவுரை சொல்பவர்களிடமும் இருக்கிறது. நெல்லைப் பொறுத்தவரை இரண்டையும் ஆள்வது ஒரே கைதான்: வாய்மடையைத் திறந்து மூடும் கை. ஆகவே உரத்தைப் பற்றிச் சொல்லும் ஒவ்வொரு இடத்திலும் தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது: சத்து எந்த வழியாகப் போகிறது

யூரியா மண்ணையும் நீரையும் தொட்டவுடன், அங்குள்ள யூரியேஸ் என்னும் நொதி அதைச் சில நாள்களில் அம்மோனியமாக மாற்றிவிடுகிறது. தேங்கிய நீரில் பாசி படர்ந்திருந்தால் அது வெயிலில் கரியமில வாயுவை உறிஞ்சுவதால், காலையில் 7-ஐ ஒட்டியிருக்கும் நீரின் பி.எச். (கார அமில நிலை) அளவு உச்சி வேளையில் 9-ஐத் தாண்டக்கூடும். 30 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7-ஆக இருந்தால் நீரிலுள்ள அம்மோனியத்தில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே அம்மோனியா வாயுவாக இருக்கும், பி.எச். 9-ஆகும்போது ஏறக்குறையப் பாதி அந்த வடிவத்துக்கு மாறிவிடும். மேலே காற்றும் வீசினால் அது நிற்காது. தூவிய முதல் ஏழு முதல் பத்து நாள்களுக்குள் நிகழும் இந்த ஆவியாதல்தான் நெல் வயலின் மிகப் பெரிய ஓட்டை.

இரண்டாவது வழி வயல் காய்ந்து நனையும்போது திறக்கிறது. மண்ணில் காற்றுப் புகுந்தால் நுண்ணுயிர்கள் அம்மோனியத்தை நைட்ரேட்டாக்குகின்றன. மறுபடி தண்ணீர் நின்று காற்று அற்றுப்போனால் வேறு நுண்ணுயிர்கள் அந்த நைட்ரேட்டைச் சாதாரண நைட்ரஜன் வாயுவாகக் குறைத்து வெளியே விடுகின்றன. இந்தப் பாதையின் நடுவில் ஒரு சிறு பங்கு நைட்ரஸ் ஆக்சைடாகத் தப்பிவிடுகிறது. எடை சிறிதானாலும் அதன் வேலை பெரிது: நூறாண்டுக் கணக்கில் ஒரு கிலோ நைட்ரஸ் ஆக்சைடு 273 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமான வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. மூன்றாவது வழி, மணற்பாங்கான நிலத்தில் நைட்ரேட் அடியில் இறங்கி நிலத்தடி நீரைச் சேர்வது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட்டுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது இந்தியத் தர நிர்ணய அளவு. நான்காவது, ஐப்பசி கார்த்திகை மழையில் வரப்பு வழிந்து வடிகாலுக்குப் போவது.

மீத்தேன் தழைச்சத்திலிருந்து வருவதன்று. காற்றில்லாத சேற்றில் வைக்கோலும் வேரும் தழையும் மக்கும்போது வருவது. நாற்பது நாள் தண்ணீர் கட்டிய வயலில் காலை வைத்தால் மிதித்த இடத்தைச் சுற்றிக் குமிழிகள் பொலபொலவென்று மேலே வருவதை எல்லோரும் பார்த்திருப்போம். அவற்றில் மீத்தேனும் கணிசமாக இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் இந்தக் குமிழியைவிடப் பல மடங்கு, கண்ணுக்குத் தெரியாமல் நெற்பயிரின் தண்டிலுள்ள காற்றறைகள் வழியாகவே வெளியேறுகிறது. ஒரு கிலோ மீத்தேன் நூறாண்டுக் கணக்கில் 27 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம்.

படி 1: மூட்டைக் கணக்கை விட்டுக் கிலோக் கணக்குக்கு வாருங்கள்

ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்று கேட்பதே நம் வழக்கம். மூட்டையின் எடை 2018-இல் 50 கிலோவிலிருந்து 45 ஆனது; கந்தகம் பூசிய யூரியாவில் தழைச்சத்து 46 விழுக்காட்டுக்குப் பதில் 37 விழுக்காடுதான். ஆகவே மூட்டையை வைத்துக் கணக்கிட்டால் தவறும். குறுவையானாலும் சம்பாவானாலும் படுகைப் பகுதிக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் பொதுப் பரிந்துரை எக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து, 50 கிலோ மணிச்சத்து (பாஸ்பேட்), 50 கிலோ சாம்பல்சத்து (பொட்டாஷ்). வெள்ளைப் பொன்னி போன்ற, தழைச்சத்து மிகுந்தால் சாயும் இரகங்களுக்குத் தழைச்சத்து 75 கிலோவே போதும். ஏக்கருக்கு மாற்றினால் முதலாவது 60 கிலோ, இரண்டாவது 30 கிலோ.

மணிச்சத்துக்காக இடும் டி.ஏ.பி. (டை அம்மோனியம் பாஸ்பேட்) உரத்தின் 50 கிலோ மூட்டையிலும் 9 கிலோ தழைச்சத்து இருக்கிறது என்பதைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. அடியுரமாக ஒரு மூட்டை டி.ஏ.பி. இட்டவருக்கு 60 கிலோவில் மிச்சம் 51 கிலோதான் வேண்டும். அது ஏறக்குறைய இரண்டரை மூட்டை யூரியா. மூன்று, மூன்றரை மூட்டை என்று போகும் வயல்களில் மிகுதி எங்கே போகிறது என்பதை மேலே பார்த்தோம். மண் பரிசோதனை முடிவு கையில் இருந்தால் பொதுப் பரிந்துரையை விட்டு அதையே பின்பற்ற வேண்டும். பரிசோதனைக்கு மண்ணைக் கோடையில், எரு கொட்டிய இடத்தையும் வரப்போரத்தையும் தவிர்த்து எடுப்பது முக்கியம்.

படி 2: வைக்கோலும் தழையும் எப்போது உள்ளே போக வேண்டும்

இயற்கை எரு எதுவானாலும் நல்லது என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவது எளிது. நீர் நிற்கும் வயலில் அது முழு உண்மையன்று. இதை மறைக்காமல் சொல்வதுதான் உழவருக்குச் செய்யும் மரியாதை என்று நினைக்கிறேன்.

நாடுகள் தம் வாயுக் கணக்கை எழுதப் பயன்படுத்தும் ஐ.பி.சி.சி. (ஐ.நா.வின் காலநிலை மாற்ற அறிவியல் குழு) 2019 வழிமுறையின்படி, எக்டேருக்கு 5 டன் உலர் வைக்கோலை நடவுக்கு முந்திய 30 நாள்களுக்குள் சேற்றில் மடக்கி உழுதால், வயலின் மீத்தேன் ஏறக்குறைய 2.9 மடங்காகிறது. அதே வைக்கோலை 30 நாள்களுக்கு முன்பே உழுதுவிட்டால் அது 1.5 மடங்கோடு நிற்கிறது. காற்றுள்ள மண்ணில் வைக்கோலின் எளிய பகுதி முன்பே மக்கிவிடுவதுதான் காரணம். அறுவடை இயந்திரம் குறுவையை அறுத்த இரண்டாம் வாரமே தாளடிக்குத் தொழி உழவு (சேற்றுழவு) போடும் வயல்களில் நடப்பது முதல் வகை. அங்கே வைக்கோலைக் கட்டாகக் கட்டி மாட்டுக்கோ காளான் வளர்ப்புக்கோ வெளியே எடுப்பது நல்லது. எரிப்பது எவ்வகையிலும் தீர்வாகாது, அதில் தழைச்சத்தும் கந்தகமும் புகையாகிவிடும். கோடையில் நிலம் சும்மா கிடக்கும் வயல்களில் தட்டையைச் சித்திரை, வைகாசிக் கோடை உழவிலேயே மடக்கி உழுதுவிடலாம்.

தக்கைப்பூண்டு, சணப்பு, கொழிஞ்சி ஆகிய பசுந்தாள் உரப் பயிர்களுக்கும் இதே கேள்வி உண்டு. எக்டேருக்கு 6.25 டன் பசுந்தாள் மடக்கி உழுத வயலில், தண்ணீர் தொடர்ந்து நின்றால், மீத்தேன் ஏறக்குறைய 2.2 மடங்காகும். அதற்காகத் தக்கைப்பூண்டைக் கைவிடச் சொல்லவில்லை. அந்த அளவு பசுந்தாள் மண்ணில் சேர்ந்தால் அடியுரத் தழைச்சத்தை முழுவதும் நிறுத்திவிடலாம் என்பது பல்கலைக்கழகப் பரிந்துரை. ஏக்கருக்கு 15 கிலோ தழைச்சத்து, அதாவது 32 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட யூரியா மிச்சமாகிறது, மண்ணும் வளம் பெறுகிறது. ஆனால் பசுந்தாள் இட்டவர் நான்காம் ஐந்தாம் படிகளைக் கட்டாயம் கடைப்பிடிக்க வேண்டும். பசுந்தாளை உழுதுவிட்டு, அடியுர யூரியாவையும் இட்டு, அறுவடை வரை தண்ணீரையும் கட்டி வைப்பவர் மூன்று பக்கமும் இழக்கிறார். நன்கு மக்கிய எருவுக்கும் கம்போஸ்டுக்கும் டன்னுக்கு டன் மீத்தேன் பங்கு பசுந்தாளில் பாதிக்கும் குறைவு. முடிந்தவரை மக்கியதையே வயலுக்குக் கொண்டுவர வேண்டும்.

படி 3: வயலைச் சமப்படுத்துதலும் அடியுரமும்

சமமில்லாத வயலில் இனி சொல்லப்போகும் எதுவும் சரியாக நடக்காது. மேட்டில் வெடிப்பும் பள்ளத்தில் முழங்கால் தண்ணீருமாக இருக்கும் வயலில், மேட்டில் நைட்ரஸ் ஆக்சைடும் பள்ளத்தில் மீத்தேனும் ஒரே நாளில் கிளம்பும். லேசர் கருவி கிடைத்தால் நல்லது; இல்லையேல் பரம்பு அடிக்கும்போதே தண்ணீரை மட்டக்கோலாக வைத்து மேட்டைத் தள்ள வேண்டும். வரப்பை அண்டை கழித்து, நண்டு வளைகளை அடைத்துப் பூச வேண்டும்.

அடியுர யூரியாவைக் கடைசி உழவில் சேற்றோடு கலந்துவிட்டால், அது நீர்ப்பரப்பில் இல்லாமல் காற்றற்ற அடுக்கில் அம்மோனியமாகத் தங்கும். நட்ட பிறகு தண்ணீருக்கு மேல் அடியுரம் தூவுவது வீண். யூரியா குளிகைகளை நான்கு குத்துகளுக்கு நடுவே 7 முதல் 10 சென்டிமீட்டர் ஆழத்தில் புதைக்கும் முறை வங்கதேசத்தில் பரவியிருக்கிறது. இழப்பைக் குறைப்பதில் அதற்கு ஈடு இல்லை. நம் பகுதியில் குளிகையும் கூலியாளும் கிடைப்பது அரிது என்பதால் இதை விரித்து எழுதவில்லை.

கடைமடையில் புழுதி விதைப்புச் செய்பவர்கள் ஒன்றை மட்டும் தவறாமல் நினைவில் கொள்ள வேண்டும். காய்ந்த நிலத்தில் அடியுரமாக யூரியா இட்டால் அது முழுவதும் நைட்ரேட்டாகி, வயலில் முதல் தண்ணீர் நின்றவுடன் வாயுவாகவும் அடியில் இறங்கியும் போய்விடும். அங்கே அடியுரத்தில் மணிச்சத்து போதும். தழைச்சத்து, பயிர் முளைத்து மூன்று வாரம் ஆன பின்னரே. மீத்தேன் கணக்கில் பார்த்தால், முதல் சில வாரம் நிலம் காற்றோடு இருக்கும் புழுதி விதைப்பு நடவைவிட மேலானது.

படி 4: மேலுரம், பயிரைக் கேட்டு இடுதல்

நாள் பார்த்து இடுவதானால் 60 கிலோவை அடியுரம், தூர் கட்டும் பருவம், கதிர் உருவாகும் பருவம், கதிர் வெளிவரும் பருவம் என்று நான்காகப் பிரித்து இடுவது பரிந்துரை. இதைவிடச் சிறந்தது இலை வண்ண அட்டை. மஞ்சள் கலந்த இளம்பச்சையிலிருந்து கரும்பச்சை வரை எண்ணிட்ட பட்டைகள் கொண்ட ஒரு பிளாஸ்டிக் அட்டை அது. வேளாண் அறிவியல் நிலையங்களில் கேட்டுப் பார்க்கலாம்.

நட்ட 14-ஆம் நாளிலிருந்து, நேரடி விதைப்பானால் 21-ஆம் நாளிலிருந்து, கதிர் வெளிவரும் வரை வாரம் ஒரு முறை பார்க்க வேண்டும். காலை எட்டிலிருந்து பத்து மணிக்குள், சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, உங்கள் நிழல் இலைமேல் விழும்படி, மேலிருந்து முழுதும் விரிந்த முதல் இலையின் நடுப்பகுதியைப் பறிக்காமல் அட்டையின்மேல் வைத்து ஒப்பிட வேண்டும். ஒரே ஆள் தொடர்ந்து பார்ப்பது நல்லது. கண்ணுக்குக் கண் பச்சை மாறும். பத்துக் குத்துகளில் ஆறு அல்லது அதற்கு மேல் வரம்புக்குக் கீழே இருந்தால் உரமிட வேண்டும். வரம்பு வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற இரகங்களுக்கு 4. அளவு குறுவையில் எக்டேருக்கு 35 கிலோ தழைச்சத்து, சம்பா தாளடியில் 30 கிலோ. அதாவது ஏக்கருக்கு முறையே 30 கிலோ, 26 கிலோ யூரியா. மாக் கணக்கில் (மூன்று மா ஓர் ஏக்கர்) பார்ப்பவர்களுக்குக் குறுவையில் மாவுக்குப் பத்துக் கிலோ, சம்பாவில் ஒன்பதுக்குச் சற்றுக் குறைவு. இலை வரம்பில் இருந்தால், பக்கத்து வயலில் தூவுகிறார்கள் என்பதற்காக இடக்கூடாது. இதுதான் இந்த வழிகாட்டியிலேயே கடினமான படி. அறிவைவிட மன உறுதிதான் இங்கே தேவைப்படுகிறது.

இடும் முறையில் பாதி வெற்றி இருக்கிறது. யூரியா இடுவதற்கு முன் வயலைச் சேறு தெரியும் அளவுக்கு வடித்துவிட வேண்டும். வெயில் தாழ்ந்த மாலையில் ஈர மண்மேல் தூவி, அன்றிரவோ மறுநாள் காலையோ 3 முதல் 5 சென்டிமீட்டர் தண்ணீர் விட்டால், இறங்கும் நீர் யூரியாவை வேர்ப்பகுதிக்கு எடுத்துச்செல்லும். அதன்பின் ஐந்து முதல் ஏழு நாள் மண் காயாமல் தண்ணீர் இருக்க வேண்டும். அதற்குள் பயிர் அம்மோனியத்தை எடுத்துக்கொண்டுவிடும். உரமிட்ட மூன்றாம் நாளே வயலைக் காயப் போடுவது நைட்ரஸ் ஆக்சைடுக்குக் கதவைத் திறந்துவிடுவது போன்றது. மழை வருமென்று வானிலை அறிவிப்பு சொல்லும் நாளில் மூட்டையைப் பிரிக்கவே கூடாது.

வேப்பெண்ணெய் பூசிய யூரியா 2015 முதல் கட்டாயமாகிவிட்டதால் இழப்புக்குத் தீர்வு வந்துவிட்டது என்று எண்ணுவோர் உண்டு. வேம்பு, அம்மோனியம் நைட்ரேட்டாவதைத்தான் தாமதப்படுத்துகிறது. நைட்ரஸ் ஆக்சைடையும் நைட்ரேட் கசிவையும் குறைக்க அது உதவும். அம்மோனியா ஆவியாவதைத் தடுக்கும் வேலையை அது செய்வதில்லை. அதற்குத் தண்ணீரை வடித்துத் தூவுவதும், பாசியைக் கோனோவீடரால் (உருளைக் களைக்கருவி) கலக்கிவிடுவதும், அசோலா என்னும் மிதக்கும் நீர்த்தாவரத்தை விடுவதும்தான் வழி. நட்ட மூன்று முதல் ஐந்து நாளில் எக்டேருக்கு 250 கிலோ அசோலா தூவினால் அது பரவி நீரை மூடி, வெயிலை மறைத்து, உச்சிவேளை பி.எச். ஏறாமல் பிடிக்கும், களையெடுக்கும்போது மிதித்துவிட்டால் தழைச்சத்தும் தரும். யூரியா, ஜிப்சம், வேப்பம் பிண்ணாக்கு மூன்றையும் 5:4:1 என்ற விகிதத்தில் கலந்து ஓரிரவு வைத்திருந்து தூவும் பழைய பரிந்துரையும் இன்றும் பயன்படுவதே.

படி 5: காய்ச்சலும் பாய்ச்சலும்

வயலைச் சற்றுக் காயவிட்டு மறுபடி தண்ணீர் பாய்ச்சுவதுதான் இது. பெயர் புதிதன்று, தண்ணீர் முறை வைத்து வந்த நாளிலிருந்தே நம்மிடம் இருக்கும் சொல். எவ்வளவு காயலாம் என்பதைக் கண்ணால் ஊகிக்காமல் அளக்கத்தான் நீர்மட்டக் குழாய். 30 சென்டிமீட்டர் நீளமும் 10 முதல் 15 சென்டிமீட்டர் அகலமும் உள்ள பி.வி.சி. குழாயின் அடிப்பாதியில் சுற்றிலும் துளையிட்டு, துளையுள்ள 15 சென்டிமீட்டரும் மண்ணுக்குள் இருக்கும்படி இறக்கி, உள்ளே உள்ள சேற்றை அள்ளிவிட வேண்டும். வரப்பிலிருந்து எட்டிப் பார்க்கும் தூரத்தில், மேடும் பள்ளமும் அல்லாத இடமாகப் பார்த்து வைக்க வேண்டும். குழாய்க்குள் நீர், மண் மட்டத்துக்கு 15 சென்டிமீட்டர் கீழே போனதும் 5 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் விட வேண்டும். நட்ட பத்து முதல் பதினைந்து நாளில் தொடங்கலாம். பூக்கும் காலத்துக்கு ஒரு வாரம் முன்னும் ஒரு வாரம் பின்னும் மட்டும் காயவிடக் கூடாது; அப்போது ஈரம் குறைந்தால் பதர் விழும்.

படுகையின் களிமண் வெடிக்கும் மண். மயிரிழை வெடிப்பு தோன்றியவுடன், குழாய் என்ன சொன்னாலும், தண்ணீர் விட்டுவிட வேண்டும். விரல் நுழையும் வெடிப்பு விழுந்தால் அடுத்த தண்ணீரும் அதோடு கரைந்த சத்தும் நேரே அடிக்குப் போகும். உப்பு ஏறிய கடலோர வயல்களில் இம்முறை வேண்டாம். தண்ணீர் இறங்க இறங்க உப்பு மேலே வரும். ஆற்று முறைப்பாசனத்தில் அடுத்த தண்ணீர் எப்போது வரும் என்ற உறுதி இல்லாதபோது உழவர் வயலை நிரப்பி வைத்துக்கொள்வதைக் குறை சொல்ல முடியாது. பம்புசெட் உள்ள குறுவை வயல்தான் இதற்கு ஏற்ற இடம். சம்பாவில் மழையே தண்ணீர் விடுவதால், வடிகாலைத் தூர்த்துவிடாமல் வைத்து, தூர் கட்டும் பருவத்தில் ஒரு முறையாவது வடித்தால் போதும். ஒரே ஒரு வடிப்பு மீத்தேனை 29 விழுக்காடு குறைப்பதாகவே ஐ.பி.சி.சி. கணக்கு சொல்கிறது. பலமுறை வடித்தால் 45 விழுக்காடு.

படி 6: ஒரு ஏக்கர் குறுவையின் வாயுக் கணக்கு

வயலைக் காயவிட்டால் நைட்ரஸ் ஆக்சைடு கூடுமே என்பது நியாயமான கேள்வி. எண்ணிப் பார்ப்பதே அதற்கு விடை. தெற்காசிய நெல்லுக்கு ஐ.பி.சி.சி. தரும் அடிப்படை அளவு, தொடர்ந்து நீர் நிற்கும் வயலில் எக்டேருக்கு நாளொன்றுக்கு 0.85 கிலோ மீத்தேன். 85 நாள் வயலில் நிற்கும் குறுவையில், எரு எதுவும் இடாத ஏக்கருக்கு அது 29 கிலோவைச் சற்றுத் தாண்டும். கரியமில வாயுச் சமனில் 789 கிலோ. காய்ச்சல் பாய்ச்சலில் அது 434 கிலோவாகிறது. அதே ஏக்கரில் 60 கிலோ தழைச்சத்து இட்டால், நீர் நின்றபடி இருக்கும்போது அதில் 0.3 விழுக்காடும், காயவிட்டால் 0.5 விழுக்காடும் நைட்ரஸ் ஆக்சைடாகப் போவதாகக் கொள்ள வேண்டும். கரியமில வாயுச் சமனில் முறையே 77 கிலோ, 129 கிலோ. மீத்தேனில் 355 கிலோ குறைய, நைட்ரஸ் ஆக்சைடில் 52 கிலோ கூடுகிறது. நிகர மிச்சம் 300 கிலோவுக்கு மேல்.

பசுந்தாள் இட்ட வயலில் மீத்தேன் 1,737 கிலோவிலிருந்து 955 கிலோவுக்கு இறங்கும். காய்ச்சல் பாய்ச்சல் அங்கேதான் மிக அதிகமாகப் பயன்படுகிறது. இவை சராசரிக் காரணிகளைக் கொண்டு போட்ட கணக்கு, உங்கள் வயலின் அளவீடு இல்லை. ஆனாலும் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தெளிவு. அந்த 52 கிலோவையும் குறைக்க வேண்டுமானால் தழைச்சத்தின் அளவைக் குறைப்பதும், உரமிட்ட வாரத்தில் காயவிடாமல் இருப்பதும்தான் வழி. இதோடு, 60 கிலோ தழைச்சத்துக்கான 130 கிலோ யூரியா மண்ணில் சிதையும்போதே 96 கிலோ கரியமில வாயுவை விடுகிறது. மூட்டை குறைந்தால் இதுவும் குறையும்.

படி 7: அறுவடையை ஒட்டி

அறுவடைக்குப் பத்து முதல் பதினைந்து நாள் முன்பு தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். சம்பா, தாளடி அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாள் முன்பு, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது நிற்கும் பயிருக்குள் உளுந்தையோ பச்சைப்பயறையோ விதைக்கும் நம் வழக்கத்தைக் கைவிடாதீர்கள். நெல்லுக்குப் பின் மண்ணில் எஞ்சிய ஈரத்தையும் சத்தையும் எடுத்துக்கொண்டு, தனக்கு வேண்டிய தழைச்சத்தில் பெரும்பங்கைக் காற்றிலிருந்தே பிடித்து, யூரியா இல்லாமல் விளையும் பயிர் அது. அறுவடை இயந்திரத்தின் சக்கரம் முளையை நசுக்குகிறது என்பதால் பலர் விட்டுவிட்டார்கள். இயந்திரம் ஓட்டுபவரிடம் பேசி, ஒரே தடத்தில் போய் வரும்படி செய்தால் பெரும்பகுதி முளை தப்பும்.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு வயலுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, உரமிட்ட தேதி, கிலோ, அன்று வயலில் இருந்த தண்ணீர், இலை வண்ண எண், குழாயில் பார்த்த மட்டம், கடைசியில் கண்ட மகசூல் ஆகியவற்றை எழுதி வாருங்கள். முதல் பருவத்தில் முழு நிலத்தையும் மாற்ற வேண்டாம். ஒரே இரகம் நட்ட, அடுத்தடுத்த இரண்டு மா வயலை எடுத்து, ஒன்றில் பழைய முறையும் மற்றதில் அட்டையும் குழாயும் வைத்துப் பாருங்கள். இரண்டின் நெல்லையும் தனித்தனியாக எடை போட்டு எழுதிய பிறகு, அடுத்த பருவத்துக்கு எத்தனை மூட்டை வாங்குவது என்று முடிவு செய்யலாம்.